மாப்பிள்ளை மாட்டிய டிரைவ் பெட்டி

அந்த மீட்டரைப் பைக்குள் வைத்துவிடுங்கள் தம்பி. சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயருமாக வெளியே தொங்குகிறதே, அதைத்தான். அதைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என்ன வேலை உங்களுக்கு? டிரைவ் சர்வீஸா? மோட்டாருக்கு மாட்டுவார்களே, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி, அந்த டிரைவா? சரியாய்ப் போயிற்று. சேலத்தில் ஏறும்போது எத்தனை சீட்டு காலியாக இருந்தது. அத்தனையும் விட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் பாருங்கள், என் நேரம்.

ஓசூர்தான் போகிறேன். மகள் வீடு. பேரன் பிறந்திருக்கிறான், நாளைக்குப் பெயர் வைக்கிறார்கள். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் வாசல் வரைக்கும்தான் போவேன். உள்ளே போவதும் போகாததும் மாப்பிள்ளை வாயில் இருக்கிறது. "மாமா, அன்னைக்கு நான் பண்ணுனது தப்பு" என்று ஒரு வார்த்தை அவர் சொல்ல வேண்டும். சொன்னால் பேரனை மடியில் வாங்குவேன். சொல்லவில்லையா, வாசலிலேயே திரும்பி அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். பாவாயி, என் மனைவி, போனில் அழுகிறாள். அழட்டும்.

நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை தம்பி. என் மச்சான் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் பாயசம் வரவில்லை. இந்தப் பக்கத்து இலைக்கு வந்தது, அந்தப் பக்கத்து இலைக்கு வந்தது, எனக்கு வரவில்லை. அதற்கப்புறம் அவன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அவன் செத்ததற்குப் போனேன். போனேன், நின்றேன், வந்துவிட்டேன். தண்ணீர் குடிக்கவில்லை. பாவாயி சொல்வாள், "உங்க நெஞ்சுல சாமி ஆணி அடிச்சு அனுப்பியிருக்குது, எல்லாத்தையும் அதுல மாட்டி வெச்சுக்கறீங்க" என்று. சொல்லட்டும். மாட்டி வைக்கவில்லை என்றால் மனிதனுக்கு என்ன மானம்?

என் பெயர் செங்கோடன். ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரியில் மோட்டார் பார்க்கிற வேலை. ஜவ்வரிசி செய்கிற இடம். குச்சிக்கிழங்கை, மரவள்ளி என்பார்களே, அதை அரைத்து, பாலெடுத்து, மாவாக்கி, உருட்டி, வறுத்து எடுப்பது. பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. அதனால் என்ன? முதலாளி அத்தியப்பன் காரை விட்டு இறங்கினால் முதல் வார்த்தை "செங்கோடன் எங்க?" என்பதுதான். அப்படி இருந்தவன் நான்.

மாப்பிள்ளை பெயர் பரணிதரன். டிப்ளமோ படித்தவர். அவர், இவர் என்றுதான் சொல்கிறேன் பாருங்கள், மனசில் எவ்வளவு இருந்தாலும் வாயில் மரியாதை தவறவில்லை. மகள் சுகந்தியை அவருக்குக் கொடுத்ததும் நான். முதலாளியிடம் கூட்டிப்போய், "நம்ம மாப்பிள்ளைங்க, கரண்ட் வேலை நல்லாத் தெரியுமுங்க" என்று சேர்த்துவிட்டதும் நான். எனக்கு நானே வெட்டிக்கொண்ட குழி அது. கொஞ்ச நாளில் முதலாளி காரை விட்டு இறங்கி, "பரணி எங்க?" என்றார். ஃபேக்டரியில் ஒருத்தனும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

போன சீசன் ஆரம்பிக்கும்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. கிழங்கு அரைக்கிற பெரிய மோட்டாருக்கு. அதுவரைக்கும் ஸ்டார்ட்டரில் ஓடிய மோட்டார் அது. ஸ்டார்ட்டரைப் போட்டால் கட்டடமே ஒரு குலுங்கு குலுங்கும், லைட்டெல்லாம் மங்கி எரியும். ஒரு ஆள் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். இந்தப் பெட்டியை வைத்தால் மோட்டார் பூனை மாதிரி கிளம்புமாம், பெல்ட் அறாதாம், கரண்ட் பில் இறங்குமாம். மாப்பிள்ளை சொன்னார், முதலாளி தலையாட்டினார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "இந்த சீசன் இது தாங்குச்சுன்னா பரணிக்கு வேலை நிரந்தரம். பின்னால லைன் வீட்டுல ஒண்ணு அவனுக்கு."

எனக்கு வேண்டியது அதுதான் தம்பி. பெட்டி இல்லை, அந்த லைன் வீடு. சுகந்தி அப்போது முழுகாமல் இருந்தாள். லைன் வீடு என்றால் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். குழந்தை அழுதால் எனக்குக் கேட்கும். ஒரே பெண். அதனால் அந்தப் பெட்டி தாங்க வேண்டும் என்று முதலாளியைவிட, மாப்பிள்ளையைவிட எனக்குத்தான் அக்கறை. இதை மட்டும் மறந்துவிடாமல் மேலே கேளுங்கள்.

எங்கள் பக்கம் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை இல்லை, மரியாதை. நான் வந்தால் அவர் எழுந்து நிற்பார். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார், இல்லையென்றால் பெண்டுகள் மூலமாகச் சொல்லி அனுப்புவார். வீட்டுக்கு அது சரி. ஃபேக்டரியில் சுவரிடம் சொன்னால் எனக்கு எப்படி வந்து சேரும்?

பெட்டியை மாட்டிய அன்றைக்கு எல்லோரையும் நிற்க வைத்து வகுப்பு எடுத்தார். மாரியப்பன் என்று கிழங்கு கொட்டுகிறவன் ஒருவன் இருந்தான், அவன் முகத்தைப் பார்த்துத்தான் முழுக்கச் சொன்னார். "மேலயும் கீழயும் காத்து போக வழி விடணும். மேல ஃபேன் இருக்குது, கீழ இருந்து இழுத்து மேல தள்ளும். இந்த சல்லடையில மாவு அடைஞ்சா எடுத்து ஊதி உடுங்க. அதுவா நின்னுச்சுன்னா, சூடு தாங்காம நிக்குதுன்னு அர்த்தம். யாரும் பட்டனை அமுக்கக் கூடாது, என்னைக் கூப்பிடுங்க." நான் மோட்டாருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது. ஆனால் என்னிடம் சொல்லவில்லையே. என்னிடம் சொல்லாததை நான் எதற்கு மனசில் வாங்க வேண்டும்?

அதுவும் போகட்டும். கரண்ட் பெட்டிக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியாதா? இந்தக் கையைப் பாருங்கள். தோல் சுருங்கி வெளுத்திருக்கிறதே. பழைய ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு பல்லி புகுந்து, இரண்டு கம்பிக்கும் குறுக்கே ஏறிவிட்டது. வெடித்த வெடியில் என் புருவமே போய்விட்டது. ஒரு மாதம் பாவாயிதான் சோறு ஊட்டினாள். பல்லி போதும் தம்பி. அதோடு எங்கள் இடத்தில் காற்றெல்லாம் மாவு. கூடவே ஈரம். மாவும் ஈரமும் சேர்ந்தால் பசை. அப்பேர்ப்பட்ட இடத்தில் படித்தவர் பெட்டிக்குக் கீழே ஓர் ஓட்டை, மேலே ஓர் ஓட்டை விட்டு வைத்திருக்கிறார். பல்லிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

மாப்பிள்ளைக்குக் காலை ஷிப்டு. எனக்கு மதியம் ஷிப்டு. அவர் தலை மறைந்ததும் நான் கீழே இருந்த சல்லடைக்குக் காக்கி டேப் ஒட்டினேன். மேலே பாவாயியின் பழைய நூல் சேலையை நாலாக மடித்துப் போர்த்தினேன். அதன்மேல் பிளாஸ்டிக் தாள். ஓர் எறும்பு போக வழியில்லை. மாரியப்பன் பார்த்துவிட்டு, "ஏண்ணே, மருமவன் பொட்டிக்குப் பிரசவம் பாக்கறீங்களா? இப்படிப் போத்தி வெச்சிருக்கீங்க?" என்றான். "உன் வாய்க்கும் ஒரு டேப் ஒட்டட்டுமாடா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது விளையாட்டு இல்லை.

மறுநாள் போனால் டேப் கிழிந்து கிடக்கிறது, சேலை மடித்து ஓரமாக வைத்திருக்கிறது. மறுபடியும் ஒட்டினேன். மறுபடியும் கிழித்திருந்தார். இப்படியே போயிற்று. ஒரு வார்த்தை இல்லை. நான் செய்வது, அவர் பிரிப்பது. எனக்கு எப்படி இருக்கும்? ஒரு நாள் ஷிப்டு மாறும்போது எதிரில் வந்தார். எழுந்து... நின்றுகொண்டுதான் இருந்தார், இன்னும் கொஞ்சம் நேராக நின்றார். தண்ணீர்க் குழாயைப் பார்த்து, "காத்து போகணும்" என்றார். குழாயிடம் சொன்னால் குழாய் கேட்டுக்கொள்ளும். நான் போய்விட்டேன்.

இந்தப் பெட்டி சாயங்கால வேளையில் சில நாள் தானாக நின்றுவிடும். அதன் கண்ணாடியில் என்னமோ எழுத்து ஓடும். மாப்பிள்ளையைக் கூப்பிட மாரியப்பன் போனை எடுப்பான். "வெய்யிடா போனை. மனுசன் இப்பத்தான் சோத்துல கை வெச்சிருப்பாரு" என்பேன். கொஞ்சம் ஆறவிட்டு நானே பட்டனை அமுக்குவேன். ஓடும். பெட்டி நின்ற விஷயம் முதலாளி காதுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. போகவிடவில்லை நான். மாப்பிள்ளைக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது, லைன் வீடு கைவிட்டுப் போகக் கூடாது. வேறு எந்த மாமனார் இதைச் செய்வான், சொல்லுங்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை சுகந்தி வீட்டுக்கு வந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தப் பொட்டி மூச்சு உடணுமாம்ப்பா. அடைச்சு வெச்சா உள்ளயே வெந்து போயிருமாம்."

"பொட்டிக்கு ஏது சாமி மூச்சு? நீயும் உம் புருசனும் நல்லாக் கதை கட்டறீங்க."

"சிரிக்காதீங்கப்பா. கம்ப்யூட்டர் மாதிரியாம் அது. ஸ்டார்ட்டர் மாதிரி இல்லையாம்."

"அவரு சொன்னாரா?"

அவள் மோர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள். "அவரு ஒண்ணும் சொல்லலை. நானாத்தான் சொல்றேன்."

பார்த்தீர்களா? பெண்டாட்டியிடம் சொல்லத் தெரிகிறது. என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்கு இவள் பூசி மெழுகுகிறாள். ஆனாலும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வந்து கேட்டுவிட்டாள். அவள் சொல் வீணாகக் கூடாது என்று சேலையை எடுத்துவிட்டேன், பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டேன், டேப்பையும் உரித்துவிட்டேன். அதற்கென்று பல்லிக்கு வழி விட முடியுமா? ஸ்டூல் போட்டு ஏறி, மேலே ஃபேனுக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி கந்தல் துணியைத் திணித்து வைத்தேன். கச்சிதமாக. பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளை மனசும் கோணவில்லை, பெட்டிக்கும் பாதுகாப்பு. இரண்டு பேருக்கும் நல்லவனாக இருந்தேன்.

மாசி பிறந்து வெயில் ஏறியது. வாசலில் கிழங்கு லாரி வரிசையாக நிற்கிறது. கிழங்கு தோண்டிவிட்டால் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, உள்ளே நீலம் ஓடிவிடும். எப்படியும் அரைத்தாக வேண்டும். மதியம் ஷிப்டு மாறுகிற நேரம். நான் அப்போதுதான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறேன். டப்பென்று ஒரு சத்தம். பல்லி வெடித்தபோது கேட்டதே, அதே சத்தம். பெட்டியிலிருந்து புகை. மோட்டார் முனகி முனகி நின்றுவிட்டது.

மாப்பிள்ளை கைகழுவிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். மெயினை இறக்கிவிட்டுக் கதவைத் திறந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உள்ளே கறுத்துப்போய், பிசின் உருகின நாற்றம். பல்லி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. அவர் மேலே கையை விட்டார். ஃபேனுக்குப் பின்னால் இருந்து அந்தத் துணியை உருவினார். அது பொசுங்கி இருந்தது. அதையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நேருக்கு நேராக, அதுதான் முதல் தடவை. நான் அவரைப் பார்த்தேன். முதலாளி கார் உள்ளே வருகிற சத்தம் கேட்டது. உடனே துணியைச் சுருட்டி பேன்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

ஏன் போட்டுக்கொண்டார்? நான் இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடக் கூடாது. நல்ல பெயர் எனக்குப் போய்விடக் கூடாது. வேறு என்ன?

முதலாளி காட்டுக் கத்தல் கத்தினார். "வாசல்ல இத்தனை லோடு நிக்குது, எவன்டா பதில் சொல்றது? எப்படிடா எரிஞ்சுது?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "என் தப்புதானுங்க. மேல ஃபேனைப் பாத்திருக்கணும். பாக்காம உட்டுட்டேன்."

தன் வாயாலே சொன்னார் தம்பி. நான் கேட்டேன், மாரியப்பன் கேட்டான், எல்லோரும் கேட்டார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார். "என்ன செங்கோடா, உன்ற மருமகன். நீ என்ன சொல்றே?"

நான் என்ன சொல்வது? பொய் சொல்லச் சொல்கிறீர்களா? "அவரே சொல்றாருங்களே" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நாளையில இருந்து வர வேண்டாம்" என்றுவிட்டார் முதலாளி. மாப்பிள்ளை சாவியை மேசையில் வைத்தார். ஒரு எதிர்ப்பேச்சு பேசினாரா? இல்லை. கொஞ்சம் வாதாடியிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம், நானும் கூட நின்று இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவரே கையைக் கழுவிக்கொண்டால் நான் எங்கே நிற்பது? நாலு பேர் முன்னால் என் மாப்பிள்ளை வேலை தெரியாதவன் என்று ஆகிவிட்டது. கூட்டி வந்து விட்டவன் நான். மானம் யாருடையது போயிற்று?

அந்த வாரமே ஓசூர் போய்விட்டார்கள். ஏதோ கம்பெனியில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது சுகந்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம் வந்து, "உடம்பைப் பாத்துக்கங்க" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. வளைகாப்பு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரவில்லை தம்பி. எந்த ஊரில் கேட்டிருக்கிறீர்கள்? பாவாயிதான் துணிமணியைக் கட்டிக்கொண்டு அங்கே போனாள். நான் தனியாகச் சோறு வடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

புதுப் பெட்டி மாட்ட கோயம்புத்தூரிலிருந்து ஒருவன் வந்தான். எரிந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மேலே பார்த்தான், முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு என்னமோ சொன்னான். மாரியப்பனையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "வயசாச்சு செங்கோடா, இனி கேட்டுல உக்காரு. மோட்டார்ப் பக்கம் போக வேண்டாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. அதையும் மாட்டி வைத்திருக்கிறேன். வேடிக்கையைக் கேளுங்கள், அந்தப் புதுப் பெட்டிக்கு ஓட்டை இன்னும் பெரிசு. திறந்து கிடக்கிறது. ஒருவரும் தொடுவதில்லை, வாரம் ஒரு தடவை மாவை ஊதிவிடுகிறார்கள், அவ்வளவுதான். மிச்ச சீசன் முழுக்க ஒரு தடவைகூட நிற்கவில்லை. சில பெட்டிக்கு அந்த ராசி. என் மாப்பிள்ளை மாட்டிய பெட்டிக்கு அது இல்லை.

போன வாரம் அவரே போன் செய்தார். "மாமா, நாந்தான் பரணி பேசறன். நீங்க வராம பேரு வெக்க மாட்டோம். வாங்க" என்றார். இடையில் ஆள் இல்லாமல், நேராக என்னிடம். போனை வைத்துவிட்டேன். அழைக்கத் தெரிகிறது, சரி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரியுமா, தெரியாதா? அதற்காகத்தான் போகிறேன்.

நீங்கள் இதே தொழிலில் இருக்கிறவர். எனக்கும் அவருக்கும் வேண்டியவர் இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள் தம்பி, யார் மேல் தப்பு?

என்ன, ஜன்னலையே பார்க்கிறீர்கள்? நான் கேட்டது காதில் விழுந்ததா?

எதில்? பெட்டியிலா? பெட்டியே சரியில்லாமல் வந்திருக்குமா? கம்பெனியிலிருந்தே அப்படி வருமா? ஆயிரத்தில் ஒன்று அப்படி வந்துவிடுமா? நிஜமாகவா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அப்படியானால் அவர் மேல் தப்பில்லை. யார் மேலும் தப்பில்லை. நல்ல காலம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதைச் சொல்ல இத்தனை மாதமாக ஓர் ஆள் இல்லையே தம்பி. அவர் மன்னிப்புக் கேட்கக்கூட வேண்டியதில்லை போலிருக்கிறதே. நேராக உள்ளே போய்ப் பேரனை வாங்கிக்கொள்ளலாம். பாவாயி நம்பவே மாட்டாள்.

இருங்கள். ஒன்று மட்டும் இடிக்கிறது.

பெட்டியே சரியில்லை என்றால் படித்த மனிதர், திறந்து பார்த்ததும் அவருக்கு அது தெரிந்திருக்குமே. கம்பெனிக்காரன் தலையில் போட்டிருந்தால் வேலை நிலைத்திருக்குமே. லைன் வீடு கிடைத்திருக்குமே. வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு எதற்கு "என் தப்புதானுங்க" என்றார்? செய்யாத தப்பை ஒருத்தன் தன் தலையில் ஏற்றிக்கொள்வானா? சும்மா ஏற்றிக்கொள்வானா?

அந்தத் துணியை அவர் எதற்குத் தம்பி...

ஏன் குனிந்துகொள்கிறீர்கள்? நான் உங்களைத்தான் கேட்கிறேன். பெட்டி சரியில்லை என்று இப்போதுதானே சொன்னீர்கள்? உறுதியாகத்தானே சொன்னீர்கள்? எதற்கு என் கையைப் பிடிக்கிறீர்கள்?

என்ன, ஓசூரா? அதற்குள்ளேயா? பாவாயி ஸ்டாண்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அதோ, அந்தக் கடைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கூட நிற்கிறது... ஆமாம். அவர்தான். கையில் துண்டில் சுற்றி எடுத்து வந்திருக்கிறார், பச்சைப்பிள்ளையை இந்தக் கூட்டத்துக்குள். என்னைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. சிரிக்கிறார்.

கண்டக்டரைக் கொஞ்சம் கேளுங்கள் தம்பி. இந்த பஸ் இதற்கு மேல் எதுவரைக்கும் போகும்?